கிரேக்கத் தீவுகளில் இருவர் மட்டும் பாய்மரப் பயணம்: 'கூட வர்றவங்க' ஏன் அவ்வளவு முக்கியம்?

சனிக்கிழமை மாலை. கிரேக்கத்தின் மேற்குக் கரையில், லெஃப்கடா தீவின் படகுத்துறை. வாடகைப் படகு நிறுவனத்தின் சின்ன அலுவலகத்துக்குள் டிராலி பெட்டியும் சூப்பர் மார்க்கெட் பைகளுமாக ஒரு ஜோடி நுழைகிறது. கணவர் லைசென்ஸை எடுத்து நீட்டுகிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு தாளை மனைவி பக்கம் நகர்த்துகிறார். கையெழுத்து வேண்டுமாம்.

"நானா? நான் சும்மா கூட வந்திருக்கேன்!"

கோடைக்காலச் சனிக்கிழமைகளில் இப்படி ஒரு காட்சி அங்கே சகஜம். கிரேக்க விதிப்படி, மாலுமி இல்லாமல் வாடகைக்கு எடுக்கும் பாய்மரப் படகில் படகோட்டத் தெரிந்த இருவர் இருக்க வேண்டும். ஒருவர் ஸ்கிப்பர், அதாவது படகின் பொறுப்பாளர். அவரிடம் அங்கீகரிக்கப்பட்ட லைசென்ஸ் இருக்க வேண்டும். இன்னொருவரிடம் லைசென்ஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை. தனக்குப் படகோட்டும் அனுபவம் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எட்டுப் பேர் போகிற படகில் அந்தக் கையெழுத்துக்கு யாராவது கிடைப்பார்கள். இருவர் மட்டும் போகும்போது மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

பலர் அதைச் சம்பிரதாயமாக நினைத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தாளில் எழுதியிருப்பது உண்மையா, பொய்யா என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கடல், எவ்வளவு பெரிய படகு, எந்த மாதம் என்பதெல்லாம் முடிவாக வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

லைசென்ஸ் ஒருவருக்கு, பயிற்சி இருவருக்கும்

பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்தும் 'டே ஸ்கிப்பர்' போன்ற சான்றிதழ்களும், ஐ.சி.சி. எனப்படும் சர்வதேசத் தகுதிச் சான்றும் கிரேக்கத்தில் பரவலாக ஏற்கப்படுபவை. 'டே ஸ்கிப்பர்' செய்முறைப் பயிற்சி ஐந்து நாள். அதற்கு முன்பே வரைபடம், வானிலை பற்றிய பாடத்தைப் படித்திருக்க வேண்டும். கடலில் கொஞ்ச நாள் அனுபவமும் வேண்டும். இரண்டாவது ஆளுக்கு 'காம்பிடன்ட் க்ரூ' என்ற ஐந்து நாள் ஆரம்பப் பயிற்சி இருக்கிறது. பாய் ஏற்றுவது, முடிச்சுப் போடுவது, சுக்கான் பிடிப்பது எல்லாம் அதில் அடங்கும். ஒருவருக்கு 'டே ஸ்கிப்பர்', இன்னொருவருக்கு 'காம்பிடன்ட் க்ரூ' என்பது இருவர் பயணத்துக்குக் குறைந்தபட்சக் கூட்டணி. எந்தச் சான்றிதழாக இருந்தாலும், முன்பணம் கட்டுவதற்கு முன்பே அதன் ஸ்கேனை நிறுவனத்துக்கு அனுப்பி, 'இது செல்லும்' என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சென்னையில் இருப்பவர்கள் இங்கேயே ஆரம்பிக்கலாம். துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் டிங்கி எனப்படும் சிறு படகுகளில் பழக முடியும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கன்னத்தில் உணரக் கற்றுக்கொடுப்பதில் டிங்கியை மிஞ்சிய வாத்தியார் இல்லை. நங்கூரம், இன்ஜின், படகிலேயே இரவு தங்குவது இதெல்லாம் அதில் வராது. அதற்குப் பெரிய படகில்தான் பழக வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் இல்லையா? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்கிப்பரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 யூரோ ஆகும். அவருக்குச் சாப்பாடும் தனி அறையும் நாம்தான் தர வேண்டும். இரண்டு பேருக்கான தனிமை அதோடு போச்சு. இன்னொன்று ஃப்ளோட்டில்லா. பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒரு வழிகாட்டிப் படகுடன் ஊர் ஊராகப் போகும். பகலில் அவரவர் பாட்டுக்குப் போகலாம். மாலையில் துறையில் நம் கயிற்றைப் பிடிக்க வழிகாட்டிக் குழுவின் ஆள் காத்திருப்பார். முதல்முறை இருவராகப் போகிறவர்களுக்கு இதுதான் சரியான வழி. இப்படிப்பட்ட சுற்றுலா 1970களில் கிரேக்கத்தில்தான் பிரபலமானது.

எந்தக் கடல்? காற்று சொல்லட்டும்

'கிரேக்கத் தீவு' என்று தேடினால் முதலில் வருவது சாண்டோரினியும் மிக்கோனோஸும். வெள்ளை வீடு, நீலக் குவிமாடம். இருவர் மட்டும் போகும் முதல் பயணத்துக்கு இந்த இரண்டையும் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம்.

காரணம், மெல்டெமி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, ஏஜியன் கடலின் ஆடிக் காற்று இதுதான். மே கடைசியில் தொட்டுத்தொட்டு ஆரம்பித்து, ஜூலை, ஆகஸ்டில் உச்சம் தொட்டு, செப்டம்பரில் தணியும். பழைய கிரேக்கர்கள் இதை 'எட்டேசியன்' என்றார்கள். ஆண்டுதோறும் வருவது என்று அர்த்தம். நம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு இது தூரத்துச் சொந்தம்கூட. தெற்காசியாவில் கோடையில் உருவாகும் பெரிய தாழ்வழுத்தப் பகுதி மேற்கே துருக்கி வரை நீள்கிறது. பால்கன் பக்கம் உயர் அழுத்தம். நடுவில் மாட்டிக்கொண்ட ஏஜியனில் காற்று வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. திசையைப் பார்த்தால் வாடை. ஆனால் குளிரும் இருக்காது, மழையும் இருக்காது.

மேகமே இல்லாத நீல வானத்தின் கீழே காற்று பியூஃபோர்ட் அளவில் 5, 6 என்று வீசும். சமயத்தில் 7, 8 கூடத் தொடும். 7 என்றால் மணிக்கு 50 முதல் 61 கிலோமீட்டர். ஒருமுறை ஆரம்பித்தால் சில நாட்கள் இரவு பகலாக நிற்காமல் அடிக்கும். தீவுகளின் இடுக்குகளில் இன்னும் வேகம் பிடிக்கும். மலை மறைவில் நின்றால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க முடியாது. உயரமான தீவுகளின் தென்புறத்தில், மலை உச்சியிலிருந்து காற்று மூட்டை மூட்டையாக உருண்டு விழும். வெளியே திறந்த கடலில் இருப்பதைவிட அங்கே மோசமாக இருப்பதுண்டு.

பொறி வேறொரு இடத்திலும் இருக்கிறது. ஏதென்ஸில் படகு எடுத்தவர்களுக்குத் தெற்கே போவது சுகம். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். சனிக்கிழமை ஃப்ளைட்டுக்காக வடக்கே திரும்பும்போதுதான் அதே காற்று முகத்தில் அறையும். ஆறு பேர் இருந்தால் மாறி மாறிச் சுக்கான் பிடித்து எப்படியோ வந்து சேரலாம். இரண்டு பேரில் ஒருவருக்குக் குமட்டல் என்றால்? சாண்டோரினியிலோ எரிமலை வாயில் தண்ணீர் அவ்வளவு ஆழம். நங்கூரம் போடவே இடம் அரிது. அந்தத் தீவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பயணம் முடிந்த பிறகு ஃபெர்ரியில் போய்வரலாம்.

மேற்கே அயோனியன் கடலின் குணமே வேறு. கோர்ஃபு, பாக்ஸோஸ், லெஃப்கடா, மெகனிசி, இதாக்கா, கெஃபலோனியா என்று பச்சைத் தீவுகள். காலையில் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடக்கும். மதியத்துக்கு மேல் 'மயிஸ்த்ரோ' என்ற வடமேற்குக் காற்று எழும்பும். வழக்கமாக 3 முதல் 5 வரை போய், சூரியன் இறங்கியதும் அடங்கிவிடும். லெஃப்கடாவுக்கும் இதாக்காவுக்கும் நடுவே ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு ஏறத்தாழ 10 கடல் மைல்தான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சராசரியாக மணிக்கு 5 கடல் மைல் போகும் படகுக்கு இரண்டு மணி நேர வேலை.

இரண்டுக்கும் நடுவில், ஏதென்ஸுக்குப் பக்கத்திலேயே சரோனிக் வளைகுடா இருக்கிறது. ஈஜினா, போரோஸ், ஹைட்ரா. விமானத்தில் இறங்கியதும் படகில் ஏறிவிடலாம் என்பது வசதி. கார், பைக் ஓடாத ஹைட்ராவில் பெட்டியைக் கழுதைதான் சுமக்கும். ஆனால் அதன் சின்னத் துறைமுகத்தில் வார இறுதியில் ஏதென்ஸ் படகுகள் மூன்று வரிசையாக நிற்கும். ஒருவர் நங்கூரத்தின் மேல் இன்னொருவர் நங்கூரம். புதியவர்கள் செவ்வாய், புதனில் போவது நல்லது.

மாதம்? மே பிற்பகுதி, ஜூன், செப்டம்பர். கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு. செப்டம்பரில் கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் அந்த மாதத்தில் வானிலை அறிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், அசட்டையும் வேண்டாம். 2020 செப்டம்பர் 17, 18 தேதிகளில் 'இயானோஸ்' என்ற மத்தியதரைக் கடல் புயல் கெஃபலோனியா, இதாக்கா, ஜாக்கிந்தோஸ் தீவுகளைப் புரட்டிப் போட்டது. அமைதிக்குப் பேர்போன அயோனியன்தான் அதுவும்.

சின்னப் படகு போதும்

'கொஞ்சம் பெருசா எடுத்தா வசதியா இருக்குமே' என்ற ஆசை வரும். இருவருக்கு 30 முதல் 36 அடி போதும். படகு நீளமாக ஆக, பாயும் பெரிதாகும், நங்கூரமும் கனமாகும். துறையில் காற்று தள்ளும்போது இரண்டு ஜோடிக் கைகளால் பிடித்து நிறுத்த முடியாது. காசு மிச்சமானால் நீளத்தில் போடாமல் வசதிகளில் போடலாம். தானாகச் சுருளும் முன்பாய், மின்சார நங்கூர இயந்திரம், ஆட்டோபைலட், முடிந்தால் முன்முனையைப் பக்கவாட்டில் நகர்த்தும் பவ் த்ரஸ்டர். இவற்றில் ஆட்டோபைலட் மூன்றாவது ஆளுக்குச் சமம். ஒருவர் பாயைச் சரிசெய்ய, இன்னொருவர் உள்ளே தூங்க, அது சுக்கானைப் பார்த்துக்கொள்ளும்.

படகை ஒப்படைக்கும்போது ஊழியர் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் காட்டுவார். களைப்பில் ஒருவர் மட்டும் தலையாட்டிக்கொண்டு போக, இன்னொருவர் காய்கறி வாங்கப் போய்விடுவதுதான் வழக்கம். அந்த ஒரு மணி நேரம் இருவரும் இருக்க வேண்டும். மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை நிறுத்தும் பொத்தான் எங்கே, கேஸ் வால்வ் எங்கே, கழிவறைப் பம்ப்பை எப்படித் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் புதன்கிழமை ராத்திரி ஞாபகம் வராது.

கயிறு, நங்கூரம், கல்யாண வாழ்க்கை

இருவர் பயணங்களில் சண்டை வருவது நடுக்கடலில் கிடையாது. கரையில், உணவகங்களில் உட்கார்ந்திருக்கும் இருபது பேர் வேடிக்கை பார்க்கும்போதுதான் வரும்.

கிரேக்கத்தில் படகைப் பேருந்து மாதிரி ஓரமாக ஒட்டி நிறுத்த இடம் இருக்காது. பின்முனை கரையைப் பார்க்க, வரிசையாகச் செருக வேண்டும். கரையிலிருந்து மூன்று நான்கு படகு நீளம் முன்பே நங்கூரத்தை இறக்கிவிட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே ரிவர்ஸில் வந்து, பின்னால் இரண்டு கயிறுகளைக் கரையில் கட்ட வேண்டும். ஒருவர் சுக்கானில், ஒருவர் முன்முனையில் நங்கூரத்தோடு. நடுவே படகின் நீளம், இன்ஜின் சத்தம், பக்கவாட்டுக் காற்று.

"சங்கிலியை விடு!"

"விட்டுட்டுத்தாங்க இருக்கேன்!"

"இன்னும் விடு... நிறுத்து! நிறுத்துன்னு சொன்னேன்ல!"

முன்முனையில் இருப்பவர் சங்கிலியை விட்டு முடித்து, படகின் நீளம் முழுக்க ஓடி வந்து, கயிற்றைத் தேடி எடுத்து, சிக்கெடுத்து வீசுவதற்குள் படகு பக்கத்து வீட்டுக்காரர் மேல் சாய்ந்திருக்கும்.

இரண்டு பேரால் அழகாகச் செய்ய முடிகிற வேலைதான் இது. முக்கால்வாசி வேலை துறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வெளியே நிதானமான தண்ணீரில் படகை நிறுத்தி, இரண்டு பக்கமும் மிதவைப் பைகளைக் கட்டி, பின்கயிறுகள் இரண்டையும் ஒரு முனை கட்டி, மறுமுனை கம்பிக்கு வெளியே சுற்றி, வீசத் தயாராக வைக்க வேண்டும். சுக்கானில் இருப்பவர் ஏற்கனவே பின்முனையில்தான் நிற்கிறார். முதல் கயிற்றை அவரே வீசலாம், யாரும் ஓடி வரத் தேவையில்லை. காற்று வரும் பக்கத்துக் கயிறு முதலில். கரையில் நிற்பவர்கள் கட்டாயம் பிடித்துக்கொள்வார்கள், அது அந்த ஊர்களின் மரியாதை. யாரும் கரைக்குக் குதிக்கக் கூடாது. கத்துவதற்குப் பதில் கை சைகை: விடு, நிறுத்து, வெளியே போய்த் திரும்ப வருவோம். மூன்றாவது சைகையை இருவரில் யார் காட்டினாலும் மற்றவர் கேள்வி கேட்காமல் கேட்க வேண்டும். இரண்டாவது தடவை வருவதைப் பார்த்து அங்கே யாரும் சிரிப்பதில்லை. மோதினால்தான் எழுந்து வருவார்கள்.

ஒரு ஆறுதல், கிரேக்கத்தில் ஓதம் மிகக் குறைவு. கட்டிய கயிறு இரவெல்லாம் அப்படியே இருக்கும், நீர்மட்டம் ஏறி இறங்குமே என்று விழித்திருக்க வேண்டாம். இன்னொன்று, கடற்கரை உணவகங்கள் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு மரத்துறை இருக்கும். இரவுச் சாப்பாடு அங்கே என்றால் படகு நிறுத்த இலவசம்.

அயோனியனில் மாலை நான்கு, ஐந்து மணிக்குக் காற்று உச்சத்தில் இருக்கும். எல்லாரும் துறைக்கு வருவதும் அப்போதுதான். இரண்டு மணிக்கே வந்துவிட்டால் இடமும் கிடைக்கும், காற்றும் தொல்லை தராது. குடாவில் நங்கூரம் மட்டும் போட்டு நிற்பதானால் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி விட வேண்டும். தண்ணீருக்கு அடியில் கறுப்பாகத் தெரிவது பொசிடோனியா கடற்புல். அதில் நங்கூரம் பிடிக்காது, பாதுகாக்கப்பட்ட தாவரமும்கூட. வெளிறிய மணல் திட்டாகப் பார்த்து இறக்குங்கள்.

நங்கூரம் நீங்கள், சுக்கான் நான் என்று நிரந்தரமாகப் பிரித்துக்கொள்ளாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக்கொள்வது நல்லது. கணவர்தான் சுக்கான் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கடலிலும் எழுதி வைக்கவில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு.

தண்ணீரில் விழுந்தது ஸ்கிப்பர் என்றால்?

இரண்டு பேர் இருக்கிற படகில் ஒருவர் கடலில் விழுந்தால், படகில் மிச்சம் இருப்பவர் தனி ஆள். அவர்தான் விழுந்தவரைக் கண்ணில் இருந்து விடாமல் பார்க்க வேண்டும், மிதவையை வீச வேண்டும், பாயை அடக்க வேண்டும், இன்ஜினைப் போட வேண்டும், திரும்பி வர வேண்டும். வந்த பிறகுதான் கஷ்டமே. நனைந்த துணியோடு தொங்கும் ஒருவரை வெறும் கையால் படகுக்குள் தூக்க முடியாது. நிற்கும் படகில் பின்பக்க ஏணி. ஆடும் படகில் பாய் ஏற்றும் கயிற்றை அவரது லைஃப் ஜாக்கெட்டில் மாட்டி வின்ச் கொண்டு தூக்குவது.

முதல் நாளே இதைப் பழகிவிட வேண்டும். மிதவைப் பையில் ஒரு வாளியைக் கட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, லைசென்ஸ் இல்லாதவர் தனியாகப் போய் அதை எடுத்து வர வேண்டும். ஸ்கிப்பர் கையைக் கட்டிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவது செயல்தான் பலருக்கு முடியாது.

வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16, அதிலுள்ள சிவப்பு அவசரப் பொத்தான், கிரேக்கக் கடலோரக் காவல் படையின் 108, பொது அவசர எண் 112. இவற்றையும் படகின் பெயரையும் ஒரு தாளில் எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். ஒருவர் உள்ளே தூங்கும்போது, வெளியே இருப்பவர் பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு சுக்கான் பக்கமே இருக்க வேண்டும். என்ன சிக்கினாலும் சரி, அவரை எழுப்பாமல் முன்முனைக்குப் போகக் கூடாது.

ஒரு வாரம் எப்படி இருக்கும்?

லெஃப்கடாவில் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை மெகனிசி வரை போனால் போதும். வழியில் ஸ்கார்பியோஸ் தீவு. 1968 அக்டோபர் 20-ல் ஜாக்குலின் கென்னடியை ஒனாசிஸ் கல்யாணம் செய்துகொண்டது அங்கேதான். திங்கள் இதாக்காவின் கியோனி. செவ்வாய் கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ. 1953 நிலநடுக்கத்தில் தப்பிய பழைய வீடுகள் துறையைச் சுற்றி நிற்கும். புதன் எதுவும் எழுதாமல் விடுங்கள். காற்றோ, காய்ச்சலோ, 'இன்னிக்கு நகர வேண்டாமே' என்ற சோம்பலோ அந்த நாளை எடுத்துக்கொள்ளும். வியாழன் லெஃப்கடாவின் தென்முனையில் சிவோட்டா. வெள்ளி மாலைக்குள் துறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் விதி.

இதாக்கா, ஹோமரின் ஒடிஸியஸுக்குச் சொந்த ஊர். காற்றுகளின் காவலன் ஏயோலஸ் பாதகமான காற்றுகளையெல்லாம் ஒரு பையில் கட்டிக் கொடுத்தனுப்பியும் அவன் வீடு போய்ச் சேரவில்லை. ஒன்பது நாள் இரவு பகலாகப் பாயின் கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு வந்தான். பத்தாம் நாள், கரையில் மூட்டிய தீ கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், அசந்து தூங்கிவிட்டான். கூட இருந்தவர்கள் ஏதோ புதையல் என்று நினைத்துப் பையை அவிழ்த்தார்கள். பையில் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

காசு, விசா

32 முதல் 35 அடிப் படகின் ஒரு வார வாடகை, மாதத்தையும் படகின் வயதையும் பொறுத்து, ஏறத்தாழ 1,200 யூரோவில் தொடங்கி ஆகஸ்டில் 3,000 யூரோவையும் தாண்டும். டீசல், இறுதிச் சுத்தம், படகின் மிதப்பு வரி ஆகியவை சேர்ந்ததா, தனியா என்று கேளுங்கள். இது போக, சேதத்துக்கான டெபாசிட்டாகக் கிரெடிட் கார்டில் ஆயிரத்துச் சொச்சம் யூரோவிலிருந்து சில ஆயிரம் யூரோ வரை நிறுத்திவைப்பார்கள். கார்டின் சர்வதேச வரம்பை ஊரிலேயே பார்த்துக்கொள்ளாமல் போய் அலுவலகத்தில் விழி பிதுங்குபவர்கள் உண்டு.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. அந்தக் காப்பீட்டில் பாய்மரப் படகோட்டம் சேர்ந்திருக்கிறதா என்று நுணுக்கி எழுதிய எழுத்தையும் வாசிக்க வேண்டும். பல பாலிசிகளில் இருக்காது. ஏழு நாளைக்கு ஓட்டல் ரசீது இல்லாததால், படகு ஒப்பந்தத்தையும் போகும் வழித் திட்டத்தையும் விண்ணப்பத்தோடு வைக்கலாம்.

வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறதே என்று எட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். கோர்ஃபுவின் வடகிழக்கு மூலையிலிருந்து அல்பேனியா சில கிலோமீட்டர்தான். கோஸ் தீவிலிருந்து துருக்கியும் அப்படியே. ஒருமுறை நுழைவுக்கான விசாவில் அந்தக் கரையைத் தொட்டுவிட்டால் திரும்பக் கிரேக்கத்துக்குள் வர முடியாது. படகோ சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லெஃப்கடாவில் இருந்தாக வேண்டும்.